பக்கவாதத்துக்குப் பின் கைப்பயிற்சி: இசை விளையாட்டுக் கையுறை வாங்கலாமா?

கும்பகோணத்து மகள்:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. ஏழு மாதங்களுக்கு முன்பு மூளையின் இடப்பக்க ரத்தக் குழாய் அடைபட்டு, வலக் கையும் வலக் காலும் விழுந்துவிட்டன. கால் பெருமளவு தேறிவிட்டது. கோல் ஊன்றித் தெருமுனைக் கடை வரை தனியாகப் போய் வருகிறார். கைதான் அப்படியே நிற்கிறது. தோளையும் முழங்கையையும் தூக்கிவிடுகிறார். விரல்களை மடக்குகிறார், ஆனால் விரிப்பதற்கு நேரம் பிடிக்கிறது. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தொடுகிறார், மோதிர விரலை எட்டிப் பிடிக்கிறார், சுண்டுவிரல் மட்டும் எட்டவில்லை.

பிசியோ வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிறார். பந்தைப் பிசைதல், துண்டைச் சுருட்டுதல், மரக்கட்டைகளை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றுதல் என்று அவர் எழுதிக் கொடுத்த பயிற்சிகளை அப்பா இரண்டு நாள் செய்வார். மூன்றாம் நாள் “கை கனக்கிறது” என்று படுத்துவிடுவார். மற்றபடி அவர் சோம்பேறி அல்லர். நாற்பது வருடம் கடையில் நின்றவர். கட்டையை எடுத்து வைப்பதில் அவருக்கு ஒரு பொருளும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன், ‘மியூசிக் க்ளவ்’ என்ற கையுறையைப் பற்றிச் சொன்னார். பாட்டுக்கு ஏற்ப விரல்களைத் தொட்டு விளையாடுவதாம். விலை எங்களுக்குச் சிறிதன்று. எனக்குத் தயக்கமும் உண்டு. முதலில் சேர்த்திருந்த மருத்துவமனையில் ஒரு டேப்லட் கணினியைக் கொடுத்து, பலூன் உடைக்கும் விளையாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா நல்ல இடக் கையால் அரை மணி நேரம் பலூன் உடைத்துக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இதுவும் அப்படித்தான் ஆகுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை பிசியோ:

சகோதரி, பலூன் விளையாட்டுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இந்தக் கையுறையைப் பாதிக்கப்பட்ட கையில் மாட்டினால் அந்தக் கையை அசைத்தாலொழிய விளையாட்டு நகராது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டேவிட் ரைன்கென்ஸ்மேயரின் ஆய்வுக்கூடத்தில் நிசான் ஃப்ரீட்மேன் முதலானோர் உருவாக்கியது இது. விரல் நுனிகளிலும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலும் தொடுபுள்ளிகள் இருக்கும். திரையில் வண்ண வண்ணமாகக் குறிகள் பாட்டின் கதிக்கு இறங்கி வரும். ஒவ்வொரு வண்ணமும் ஒரு பிடி. கட்டைவிரலால் நான்கு விரல் நுனிகளைத் தொடுவது நான்கு பிடிகள், சாவியைப் பிடிப்பதுபோல் ஆள்காட்டியின் விலாவைத் தொடுவது ஐந்தாவது. குறி கோட்டைத் தாண்டும் அதே கணத்தில் தொட்டால் மதிப்பெண் விழும். 2005-இல் வந்த ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டை ஆடிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

இதில் இசை வெறும் அலங்காரம் அன்று. அடுத்த தட்டு எப்போது வரும் என்பதைத் தாளம் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், மூளை அசைவை அந்தக் கணத்துக்கு முன்பே தொடங்கிவைக்க முடிகிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்கும்போது கால் தானாகத் தாளம் போடுவதில்லையா, அந்தக் கேட்டல்–அசைவுப் பிணைப்பைத்தான் சிகிச்சை பயன்படுத்திக்கொள்கிறது. அசைவு தப்பினால் அந்த நொடியே தெரிந்துவிடும் என்பது இன்னொரு வசதி. பந்து பிசையும்போது சரியாகச் செய்தோமா என்று யாரும் சொல்வதில்லை.

ஆய்வுகளையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் வந்த ஆய்வில் பக்கவாதம் வந்து நாளான 12 பேர் கலந்துகொண்டார்கள். வழக்கமான கைப்பயிற்சியோடு ஒப்பிடும்போது, சிறு பொருள்களைப் பிடிக்கும் திறனில் கையுறை முந்தியது. 2016-இல் 17 பேரை, ஒரு குழுவுக்குக் கையுறை, மறு குழுவுக்கு வழக்கமான கைப்பயிற்சி என்று பிரித்து, வீட்டிலேயே, வாரம் மூன்று மணி நேரம் வீதம் மூன்று வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டைகளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாற்றுகிறார் என்ற சோதனைதான் அதில் முதன்மை அளவுகோல். அதில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அன்றாட வேலைகளில் அந்தக் கையை எவ்வளவு பயன்படுத்துகிறேன், எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறேன் என்று நோயாளிகளே சொன்ன கணக்கில், ஒரு மாதம் கழித்தும் கையுறைக் குழு மேலே நின்றது.

அப்பாவின் கை மூன்று விரல்களை எட்டுகிறது என்பதால் கையுறைக்குப் பொருத்தமானவர்தான். விரல் முற்றிலும் அசையாதவர்களுக்கு இது பயன்படாது, மனச்சோர்வுதான் மிஞ்சும்.

எண்கணக்கு:

நான் மருத்துவன் அல்லன். புள்ளியியல் படித்து மருத்துவ ஆய்வுகளுக்குக் கணக்குப் போட்டவன். மேலே சொன்ன எண்ணிக்கையை மறுபடி பாருங்கள்: 12 பேர், 17 பேர். இந்த அளவு ஆய்வை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் கடன் வாங்கிப் பொருள் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பெரிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். கனடாவின் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நான்கு நாடுகளில் 14 மையங்களில் 141 நோயாளிகளை வைத்து நடந்தது. 2016-இல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு, கையை அசைத்துத் திரையில் ஆடும் நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவி. மறு குழுவுக்குச் சீட்டாட்டம், பிங்கோ, மரக்கட்டைக் கோபுரம், பந்து. இருவருக்கும் ஒரே அளவு நேரம். முடிவில் இரு குழுவும் தேறின, ஆனால் ஒன்றைவிட ஒன்று மேலில்லை. அதாவது சீட்டுக்கட்டு வீயோடு சமமாக நின்றது. ஆய்வாளர்களே எளிய, மலிவான வழிகளும் போதும் என்றுதான் எழுதினார்கள். வீ இசை விளையாட்டு அன்று என்பது எனக்குத் தெரியும். திரை விளையாட்டு என்றாலே தனிச் சக்தி உண்டு என்ற நம்பிக்கையைத்தான் இங்கே கேள்வி கேட்கிறேன்.

இசைக்கே வருவோம். ஜெர்மனியில் ஷ்னைடர், ஆல்டன்முல்லர், மூன்டே முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எட்டு மின் முரசுத் தட்டுகள், பியானோவின் எட்டு வெள்ளைக் கட்டைகள். மூன்று வாரத்தில் அரை மணி வீதம் 15 அமர்வுகள். இசைக் குழுவில் 20 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 20 பேர். இசைக் குழு வெகுவாக முன்னேறியது. ஆனால் இசைக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சையும் கிடைத்தது, அதற்கு மேல் இந்த 15 அமர்வுகளும் கிடைத்தன. ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. அப்படியானால் பலன் இசையால் வந்ததா, ஏழரை மணி நேரக் கூடுதல் பயிற்சியால் வந்ததா? பார்சிலோனாவில் கிராவ்-சான்செஸ் குழுவினர் 2018-இல் நேரத்தைச் சமமாக்கி 40 பேரிடம் பார்த்தபோது, கை அசைவில் இரு குழுவும் ஏறக்குறைய ஒன்றாகவே தேறின.

கோவை பிசியோ:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பார்சிலோனா ஆய்வின் மறு பாதியையும் சொல்ல வேண்டும். இசைக் குழுவுக்குள்ளேயே யார் கூடுதலாகத் தேறினார்கள் என்று பார்த்தபோது, அன்றாட வாழ்வில் இசையில் ஈடுபட வேண்டும் என்ற உந்துதல் இயல்பாகவே அதிகம் உள்ளவர்களுக்குக் கை கூடுதலாகத் தேறியிருந்தது. ஆக, ‘இசை நல்லதா’ என்று கேட்பதைவிட ‘இவருக்கு இசை பிடிக்குமா’ என்று கேட்பதே பொருத்தம்.

நேரத்தைச் சமமாக்கினால் வேறுபாடு மறைகிறது என்பது ஆய்வுக்கு உண்மை. வீட்டில் நேரம் சமமாக இருப்பதில்லை, சகோதரி. அமெரிக்காவின் கேத்தரின் லாங் குழுவினர் 2009-இல், ஏழு மையங்களில் 312 சிகிச்சை அமர்வுகளை உட்கார்ந்து எண்ணினார்கள். ஓர் அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. விலங்குகளில் மூளை மாற்றியமைந்ததைக் காட்டிய ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்யவைத்திருந்தார்கள். நானும் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போனால், ரத்த அழுத்தம் பார்த்து, தோளைத் தளர்த்தி, நடக்கவைத்து, காப்பி குடித்து வரும்போது விரலுக்கு என்று மிஞ்சுவது அவ்வளவுதான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு நூறு தொடுகை என்றால், இரண்டு பாட்டிலேயே என் ஒரு வாரக் கணக்கு முடிந்துவிடுகிறது. எனக்கு இசை விளையாட்டின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது: மூன்றாம் நாளும் அவர் உட்காருவார்.

இடதுகைக்காரன்:

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எனக்கே வந்தது. வலக் கை. அப்போதிலிருந்து இடக் கையால் எழுதுவதால்தான் இந்தப் பெயர். என்னிடம் இருந்தது கையுறை அன்று. கேமரா முன்னால் கையை வீசி விழும் சுரங்களைத் தொடும் ஒரு விளையாட்டு. பிடித்திருந்தது, தினமும் ஆடினேன், மதிப்பெண்ணும் ஏறியது. ஆறு வாரம் கழித்து என் சிகிச்சையாளர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “நீங்கள் கையை நீட்டவே இல்லை, இடுப்பை வளைத்து உடம்பைத்தான் நீட்டுகிறீர்கள்” என்றார். முழங்கை மடங்கியபடியே இருந்திருக்கிறது. குனிந்து குனிந்து சாதனை படைத்திருக்கிறேன். மதிப்பெண்ணுக்கு எது எளிதோ அதை உடம்பு கண்டுபிடித்துவிடும். பிறகு நாற்காலியின் முதுகோடு ஒரு துண்டால் மார்பைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு ஆடினேன்; மதிப்பெண் பாதியாக விழுந்தது, கை நீளத் தொடங்கியது.

இன்னொரு சிறு விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒலியை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போடாதீர்கள். ஒலி ஒரு கணம் தாமதித்து வரும். நல்ல கைக்காரர்களுக்கு அது உறைக்காமல் போகலாம். நமக்கோ, சரியாகத் தொட்டும் தப்பு என்று வரும்போது கை மேல் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். கம்பி போட்ட ஸ்பீக்கரோ கருவியின் சொந்த ஒலியோ போதும்.

பழைய மிருதங்கம்:

குழந்தைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது, அதனால் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தாளத்தோடு தொடுவது என்று படித்ததும் எனக்கு ஆதி தாளம்தான் கண்ணில் நின்றது. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. விரலைத் தொடையில் வைத்து எண்ணுபவர்களும் உண்டு, கட்டைவிரல் நுனியால் தொட்டு எண்ணுபவர்களும் உண்டு. அந்தப் பெரியவர் கச்சேரி கேட்பவரா என்று மகள் சொல்லவில்லை. கேட்பவரானால் இது அவர் கையில் ஏற்கெனவே இருக்கிற விளையாட்டு. புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கும்பகோணத்துக்காரர் என்பதால் சந்தேகம் வருகிறது.

மிருதங்கத்தையே கொடுக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். வலந்தலையில், அதாவது அதன் வலப் பக்கத் தோலில், நாதம் வருவதற்கே நல்ல கைக்கு மாதங்கள் ஆகும். ஒலி வராத வாத்தியம் மனத்தை ஒடித்துவிடும்.

கோவை பிசியோ:

மிருதங்க ஐயா, நீங்கள் தயங்கி எழுதியதை நேற்று இரவு என் தொடையில் போட்டுப் பார்த்தேன். விரல் எண்ணிக்கையைவிட வீச்சுதான் என்னைப் பிடித்தது. தட்டும்போது உள்ளங்கை கீழே பார்க்கிறது, வீசும்போது மேலே திரும்புகிறது. பக்கவாதத்தில் தசை இறுகும் கைகள் பெரும்பாலும் உள்ளங்கை கீழ்நோக்கியே முறுக்கிக்கொள்ளும்; அதை மேலே திருப்பவைப்பதற்கு நாங்கள் படாதபாடு படுகிறோம். சோற்றை வாங்குவதற்கும், சில்லறை வாங்குவதற்கும், முகம் கழுவுவதற்கும் அந்தத் திருப்பம் வேண்டும். நிமிடத்துக்கு 40 எண்ணிக்கை என்ற மெதுவான கதியில் போட்டால் ஓர் ஆவர்த்தம், அதாவது எட்டு எண்ணிக்கையின் ஒரு முழுச் சுற்று, 12 நொடி. பத்து நிமிடத்தில் 50 ஆவர்த்தம். அதில் 150 விரல் தொடுகை, 100 வீச்சு. லாங் எண்ணிய 32-ஐ நினைத்துப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இதை யாரும் நோயாளிகளிடம் சோதித்து நிறுவியதாகக் கருதி நான் எழுதவில்லை. அசைவுகளைப் பார்த்து ஒரு சிகிச்சையாளன் சொல்லும் கருத்து இது. அடுத்து, ஆதி தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கையான சதுசிர லகுவில் ஆள்காட்டி விரலுக்கு வேலையே இல்லை, ஆனால் பொத்தான் போடுவதற்கு அதுதான் முதல் விரல். ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட ஜாதி லகு எண்ணினால் அதுவும் உள்ளே வரும் என்று நினைக்கிறேன், சரிதானா?

பழைய மிருதங்கம்:

சரிதான். தட்டு, சுண்டு, மோதிரம், நடு, ஆள்காட்டி: ஐந்து. பிசியோவுக்குச் சிஷ்யனாக வரும் யோக்கியதை இருக்கிறது.

எண்கணக்கு:

இந்தத் திசையில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஏனெனில் செலவு இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். தொடங்கும் நாளில் எதையாவது அளந்து எழுதிவையுங்கள். பிறகு நினைவை நம்பாதீர்கள். தாளம் எத்தனை ஆவர்த்தம் போட்டார் என்பதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது, அது பயிற்சி. பயிற்சியில் வராத ஒரு வேலையை அளக்க வேண்டும்.

தெற்கு வீதி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் தாயாருக்கு நடையில்தான் சிக்கல். அவருக்கும் தாளம் உதவுமா?

கோவை பிசியோ:

நடைக்குத்தான், அம்மா, ஆதாரம் இன்னும் வலுவாக இருக்கிறது. கொலராடோவில் மைக்கேல் தவுட் 1997-இலேயே மெட்ரோனோம் (சீரான கதியைத் தட்டிக் காட்டும் கருவி) கலந்த இசையோடு நடக்கவைத்து, நடை வேகமும் காலடியின் நீளமும் கூடுவதைக் காட்டினார். முதலில் அவர் இயல்பாக நிமிடத்துக்கு எத்தனை காலடி வைக்கிறார் என்று எண்ணி, அதே கதியில் தாளத்தை வைத்துத் தொடங்கி, பழகிய பின் நூற்றுக்கு ஐந்து அளவில் கூட்டுவார்கள். ஆனால் விழும் அபாயம் இருப்பதால், பக்கத்தில் ஆள் இல்லாமல் வீட்டில் தொடங்க வேண்டாம். தனி இழையாகப் போட்டால் விரிவாக எழுதுகிறேன்.

கும்பகோணத்து மகள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கையுறை வாங்கவில்லை, வாங்க மாட்டோம் என்றும் முடிவு செய்யவில்லை.

அப்பா கச்சேரி கேட்பவர்தான், அதிலும் தாளம் போட்டுக்கொண்டு கேட்பவர். கை விழுந்த பிறகு இடக் கையால் போட மனமில்லாமல் வானொலியையே அணைத்துவிட்டார் என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் வலக் கையில் வீச்சு பாதிதான் திரும்பியது. நான்காவது ஆவர்த்தத்தில் தாளம் தப்பியதும் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த நாள் கதியைப் பாதியாகக் குறைத்து, எங்கள் பிசியோவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தோம். உடம்பு சாயாதிருக்கத் துண்டு கட்டினோம். இடதுகைக்காரர் ஐயாவுக்கு நன்றி. தோள் வலித்தால் நிறுத்த வேண்டும் என்று பிசியோ கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் இரண்டு நாள் நிறுத்தினோம்.

இரண்டாம் வாரம் தம்பி மகளின் சிறிய கீபோர்டை எடுத்துவந்து, ஜெர்மன்காரர்கள் செய்ததுபோல் எட்டு வெள்ளைக் கட்டைகளில் வண்ணத் தாள் ஒட்டினோம். அவள் ஒரு வரிசை வாசிப்பாள், அப்பா திருப்பி வாசிக்க வேண்டும். சுண்டுவிரல் கட்டையில் அவள் வேண்டுமென்றே இரண்டு முறை நிறுத்துகிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

எண்கணக்கு ஐயா கேட்டதற்காக, தொடங்கிய அன்று சட்டைப் பொத்தானை அளந்தோம். மேசை மேல் விரித்த சட்டையில், வலக் கையையும் சேர்த்துப் பயன்படுத்தி, ஐந்து நிமிடத்தில் ஒரு பொத்தான். நேற்று அதே சட்டை, அதே ஐந்து நிமிடம்: மூன்று பொத்தான், நான்காவது ஓட்டையில் பாதி நுழைந்து நின்றது. சுண்டுவிரல் பத்துக்கு இரண்டு முறை எட்டுகிறது. ஏழு மாதம் கழித்துத் தானாகவே வந்திருக்கக் கூடியதும் இதில் சேர்ந்திருக்கலாம் என்று ஐயா சொல்வார் என்பது தெரியும்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கதியைக் கூட்டச் சொல்லி அப்பா தினமும் சண்டை போடுகிறார். கூட்டினால் வீச்சு முழுதாகத் திரும்பாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எது வரை விட்டுக்கொடுக்கலாம்?

கோவை பிசியோ:

உள்ளங்கை முழுதாக மேலே தெரியும் கதி எதுவோ அதுவே இப்போதைய எல்லை. அதற்கு மேல் கேட்டால், வாரத்தில் ஒரு நாள் அவர் இஷ்டத்துக்கு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். சண்டை போட்டாவது தாளம் கேட்கிற நோயாளி எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.